கால்வாயைக் கீழே இறக்கிய அண்ணனுக்கு

அண்ணே,

நேற்று எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புது உலகப்படம் வந்தது. துணியில் ஒட்டி, மேலும் கீழும் உருளைக்கட்டை வைத்த பெரிய படம். பியூன் அதை ஆணியில் மாட்டி விரித்ததும் வார்னிஷ் வாடை வகுப்பு முழுக்கப் பரவியது. ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு அன்றைக்குக் கால்வாய்கள் பாடம். மூங்கில் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன்.

உலகத்திலேயே நீளமானது சீனாவின் பெருங்கால்வாய். ஒரே மூச்சில் வெட்டியதல்ல. ராஜாக்கள் மாற மாறப் பழைய வாய்க்கால்களை ஒன்றோடொன்று இணைத்துப் பல நூறு வருஷமாக வெட்டியது. ஆண்கள் போதாமல் பெண்களையும் வீட்டிலிருந்து இழுத்துப் போனார்கள் என்று சொல்வார்கள். சூயஸில் ஆரம்பத்தில் எகிப்துக் குடியானவர்களைக் கட்டாயமாகப் பிடித்துவந்து, கையாலும் கூடையாலும் மண் அள்ள வைத்தார்கள். நம் ராஜஸ்தான் பாலைவனத்தில் வெட்டுகிற கால்வாய்க்குக் கழுதைகள் மண் சுமக்கின்றன. ரஷ்யாக்காரர்கள் காரகும் மணலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வெட்டிவிட்டார்கள்; அடியில் பூச்சு இல்லாததால் வருகிற தண்ணீரில் கிட்டத்தட்டப் பாதியை மணலே குடித்துவிடுகிறது.

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து வருகிற ஒரு பெண் எழுந்து நின்றாள். “டீச்சர், கால்வாய் எந்த வழியா போகணும்னு யாரு டீச்சர் கோடு போடுறது?”

புத்தகத்தில் உள்ளபடி சொன்னேன். நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளப்பார்கள், மட்டம் பார்ப்பார்கள், இன்ஜினியர்கள் முடிவு செய்வார்கள் என்று. அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். எனக்குத்தான் அதற்குமேல் பாடம் ஓடவில்லை. உன் முகம் வந்து நின்றது அண்ணே. நீ செத்து இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. சாவு வீட்டுக்கு வராதவள் இப்போது உனக்கு எழுதுகிறேன் என்றால், பாசம் பொங்கி எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே.

பாசம் இல்லாமல் இருந்ததில்லை. பத்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட அப்பா முடிவு செய்தபோது, ‘அவ படிக்கட்டும்’ என்று சொன்ன ஒரே ஆள் நீ. டீச்சர் டிரெயினிங்குக்கு நான் மதுரைக்குப் போன அன்று, என் தகரப்பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு காளவாசல் வரைக்கும் நீ தள்ளிக்கொண்டே வந்தாய். பெட்டி சரிந்துவிடும் என்று ஏறி மிதிக்கவே இல்லை. அதையெல்லாம் நான் மறக்கவில்லை. அதனால்தான் மற்றது இம்புட்டு வலிக்கிறது.

புதுக் கால்வாய் வரப்போகிறது என்று எழுபதுகளின் கடைசியில் ஊரெல்லாம் ஒரே பேச்சு. வைகைத் தண்ணீர் நம் பக்கமும் வரப்போகிறது, மானம் பார்த்த நிலமெல்லாம் நஞ்சையாகப் போகிறது என்று டீக்கடையில் ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள். மலையடிவாரத்தில் உன் பங்கு, அதற்குக் கீழே அம்மா எனக்கு எழுதிவைத்த பங்கு. முதலில் நட்ட சர்வே கற்கள் உன் தென்னந்தோப்பின் மேல்பாதிக்குள் போயின. தோப்பில் பாதி போய்விடும், ஆனால் மீதி நிலம் முழுக்கத் தண்ணீர் பாயும்.

பாதித் தோப்பைக் கொடுக்க உனக்கு மனசில்லை. அளக்க வந்தவர்களுக்கு உன் வீட்டில் ஒரு வாரம் கறிச்சோறு. கட்சிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு எங்கெங்கோ போய்வந்தாய். அடுத்த மாதம் கற்கள் கீழே இறங்கிவிட்டன. மேலே ஓர் இடத்தில் தண்ணீர் படியாக விழும்படி இறக்கம் கட்டி, கால்வாயை என் நிலத்துக்குள் கொண்டுவருவதாக ஏற்பாடு. சரியாக என் வெற்றிலைக் கொடிக்கால் நடுவே.

அந்தக் கொடிக்கால் உன் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், வளர்த்தது. சோழவந்தானில் அவர் வீட்டில் பரம்பரையாக வெற்றிலைதான். கல்யாணம் முடிந்து இங்கே வந்தவர், நம் மண்ணில் வெற்றிலை வராது என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, அகத்தி விதைத்து, நிழல் கூட்டி, சோழவந்தானிலிருந்து கொடி கொண்டுவந்து பதியம் போட்டு, குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்து வளர்த்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அது உனக்கே தெரியும். முதல் கிள்ளு வெற்றிலையை அவர் உன் வீட்டுக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தார். நீ மென்று பார்த்துவிட்டு, ‘காரம் சோழவந்தானத் தோக்கடிச்சிரும் போல மாப்ள’ என்றாய். அவர் அதை எத்தனை பேரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார் தெரியுமா?

கல் இறங்கிய விஷயம் தெரிந்ததும் நான் உன் வீட்டுக்கு வந்தேன். நீ வாசலில் உட்கார்ந்து மோட்டார் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தாய். நான் கெஞ்ச வரவில்லை. உன் நல்லதுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

“அண்ணே, கால்வாய்க்குக் கீழ இருக்குற நெலத்துக்குத்தான் தண்ணி பாயும். இப்ப நீ கீழ எறக்கிட்டா ஒன் நெலம் மேல மாட்டிக்கிரும். ஒரு சொட்டு வராது.”

“ஒன்னப் படிக்க வச்சதே நாந்தேன். எனக்கே பாடம் நடத்துறியா?”

“அம்மா குடுத்த நெலம்ணே. அவரு உசிரக் குடுத்து வளத்திருக்காரு.”

“நாலு வெத்தலக் கொடி. போயி வேற எடத்துல நட்டுக்கிறச் சொல்லு. எனக்குக் கெணறு இருக்கு, அது எந்தக் கோடையிலயும் வத்துனதில்ல. ஒங் கால்வாத் தண்ணி எனக்கு எதுக்கு?”

மதினி காப்பி கொண்டுவந்தாள். நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மண் வெட்ட ஆள் வந்து இறங்கிய அன்று சனிக்கிழமை, எனக்கு லீவு. உன் மாப்பிள்ளை காலையிலேயே போய், கொடிக்காலுக்குள் நட்டிருந்த சர்வே கல்மேல் உட்கார்ந்துகொண்டார். சத்தம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. உட்கார்ந்துவிட்டார், அம்புட்டுத்தான். ஓவர்சியர் என்ன செய்வதென்று தெரியாமல் உனக்கு ஆள் அனுப்பினார். நீ மோட்டார் சைக்கிளில் வந்தாய். வேலைக்கு வந்த ஆணும் பெண்ணும் மண்வெட்டியும் கூடையுமாகச் சுற்றி நின்றார்கள்.

“எந்திரி மாப்ள” என்றாய்.

“மச்சான், இது ஒங்க அம்மா நெலம். ஒரு வார்த்த இன்ஜினியர்கிட்டச் சொல்லி, பழைய எடத்துலயே…”

அவரை முடிக்க விடவில்லை. ஓங்கி அறைந்தாய். அவர் கல்லிலிருந்து சரிந்து அகத்தி மரத்தடியில் விழுந்தார். இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. நான் வரப்பில் ஓடிவருவதற்குள் நீ வண்டியைக் கிளப்பிவிட்டாய். ஓவர்சியர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார். கூடைக்காரப் பெண் ஒருத்திதான் தன் முந்தானையைக் கிழித்துக் கொடுத்தாள்.

பெரியாஸ்பத்திரியில் காது ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். அந்தக் காது போனது போனதுதான். அன்றிலிருந்து அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வலது பக்கமாகச் சுற்றிப்போய்த்தான் சொல்கிறேன். அவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அவர் பேசாததையும் சேர்த்து நான் மனசுக்குள் பேசிக்கொண்டேன்.

வெட்டத் தொடங்கிய பிறகு நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கரையில் நின்று பார்ப்பேன். யந்திரம் எல்லாம் பெரிய கால்வாய்க்குத்தான். இங்கே மண்வெட்டியும் கூடையும் கழுதையும்தான். ஆண்கள் வெட்டிப்போட, பெண்கள் வரிசையாகப் படியேறிவந்து கரையில் கொட்டுவார்கள். எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்று அளந்து பார்க்க, நடுநடுவே கொஞ்சம் மண்ணைத் தொடாமல் தூண்போல விட்டுவைப்பார்கள். அப்படி விட்ட ஒரு தூணின் தலையில் எங்கள் அகத்தி ஒன்று நின்றது. அதில் சுற்றியிருந்த வெற்றிலைக்கொடி நாலு நாள் பச்சையாக இருந்தது. சுற்றிலும் பள்ளம். எட்டிப் பறிக்கவும் முடியாது, தண்ணீர் ஊற்றவும் முடியாது. உன் மாப்பிள்ளை ஒரே ஒருநாள் வந்து அதைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. அளந்து முடித்ததும் தூணையும் வெட்டிச் சாய்த்தார்கள்.

அந்த ஆழத்தில், உன் தோப்புப் பக்கத்துச் சரிவிலிருந்து ஓர் ஊற்று பீறிட்டது. பாறை இடுக்கிலிருந்து கண்ணாடி மாதிரித் தண்ணீர். வேலைக்காரப் பெண்கள் அதில்தான் தூக்குவாளி கழுவினார்கள், முகம் கழுவினார்கள். இராப்பகலாக ஓடியது. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. மலையிலிருந்து இறங்கி உன் கிணற்றில் தங்கி நின்ற தண்ணீர்தான், அதைவிடப் பள்ளமான இடம் கிடைத்ததும் இங்கே வந்து ஒழுகியது. உன்னிடம் வந்து சொல்லவில்லை. முதலில் சொன்னதற்கே பதில் கிடைத்துவிட்டதே.

தண்ணீர் திறந்த நாள் நினைவிருக்கிறதா? வெள்ளைச் சட்டை, புதுத் துண்டு, கையில் மாலை. ஊர் சார்பில் இன்ஜினியருக்கு நீதான் மாலை போட்டாய். தேங்காய் உடைத்தாய். செங்காவியாக நுரைத்துக்கொண்டு தண்ணீர் வந்தபோது பெண்கள் குலவை போட்டார்கள். எல்லோரும் கரையோடு நடந்தார்கள். அப்போதுதான் நீ கேட்டாய். நான் பின்னால் பெண்களோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை தவறாமல் கேட்டது.

“சார், எல்லா மடையும் அந்தப் பக்கமே இருக்கே. எம் பக்கம் ஒரு மடை வைக்கக் கூடாதா?”

இன்ஜினியர் நீ விளையாட்டுக்குக் கேட்கிறாய் என்று நினைத்துச் சிரித்தார். “தண்ணி மேட்டுக்கு ஏறுமா என்ன? கால்வாய்க்கு மேலே உள்ளதெல்லாம் பாசன ஆயக்கட்டுல சேராதுங்க.”

நீ திரும்பிப் பார்த்தாய். கூட்டத்தில் என்னைத் தேடினாய். நான் ஒளிந்துகொள்ளவில்லை. உன்னைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை ஊரில் நாலு பேர் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும் என்றுதான் சிரித்தேன்.

கொடிக்கால் போக மீந்த என் நிலத்தில் நெல் போட்டோம். மடை என் வரப்பிலேயே இருந்தது. கரையிலிருந்து கசிந்த தண்ணீரில் எங்கள் கிணறு கைக்கெட்டும் உயரத்தில் நின்றது. அதற்குப் பிறகு மழை பொய்த்த வருஷங்கள் வந்தன. அணையிலிருந்து அரைகுறையாகத்தான் விட்டார்கள். அது எங்களுக்குப் போதும். உன் கிணற்றில் அடிப்பாறை தெரிந்தது. இன்னும் ஆழமாக வெட்டிப் பார்த்தாய், வெடி வைத்துப் பார்த்தாய். அப்பா வைத்த தென்னைகள் ஒவ்வொன்றாக மட்டை தொங்கிப்போயின. தினமும் பஸ்ஸுக்குப் போகும்போது அதைப் பார்த்துக்கொண்டேதான் போவேன். மரத்துக்காக வருத்தப்பட்டேன். உனக்காக வருத்தப்படவில்லை.

முதலில் மதினியை அனுப்பினாய். பிறகு பெரியப்பா மகனை அனுப்பினாய். எங்கள் கிணற்றிலிருந்து கால்வாய்க்குக் குறுக்கே பைப்பு போட்டு, தோப்புக்குத் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தாய். இரண்டு பேரிடமும் நான் ஒன்றையே சொல்லி அனுப்பினேன். “அண்ணே அவர அறைஞ்ச எடத்துல, அதே மாதிரி நாலு பேரு முன்னாடி வந்து மன்னிப்புக் கேக்கட்டும்.”

நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். வந்துவிட்டாய்.

அந்த இடம் இப்போது கால்வாய்க்கரை. பஞ்சாயத்துப் பெரிய ஆட்கள் நாலைந்து பேர் வேப்பமர நிழலில் நின்றார்கள். உனக்குத் தாடி நரைத்திருந்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உன் மாப்பிள்ளை முன்னால் வந்து நின்றாய். அவர் பதறிப்போய் இரண்டடி பின்னால் போனார்.

“மாப்ள, அன்னிக்கி நாஞ் செஞ்சது தப்பு. மன்னிச்சிரு” என்றாய். குரல் உடைந்தது. நடிப்பில்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

“ஐயோ என்ன மச்சான் இதெல்லாம்” என்று அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில்தான் தண்ணீர் வந்தது. பெரியவர்களுக்குத் திருப்தி. ஒருவர் என்னைப் பார்த்து, “அப்பறம் என்னம்மா, பைப்பு எறக்கிறலாம்ல?” என்றார்.

“எறக்க வேணாம்” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. உனக்கு மட்டும் புரிந்தது என்று நினைக்கிறேன்.

“அவரு மன்னிச்சிட்டாரு, அது அவரு பெரிய மனசு. கெணறு எம் பேர்ல இருக்கு. நான் மன்னிக்கல.”

“ஏத்தா, நீதான கேக்கச் சொன்ன?” என்றார் பெரியவர்.

“கேக்கச் சொன்னேன். கேட்டா தண்ணி தாரேன்னு எப்பச் சொன்னேன்?”

உன் மாப்பிள்ளை வலது கையால் என் தோளைத் தொட்டார். “போதும், விட்டுரு. மரம் என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார். அவர் அன்றைக்குக் கேட்டதை மட்டும்தான் எங்கள் வாழ்க்கையில் நான் மறுத்திருக்கிறேன். நீ துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மதகுப் பாலம் வழியாக உன் பக்கத்துக்கு நடந்து போனாய். தோப்புக்குள் நுழைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடிக்காலை வெட்டிய அன்றிலிருந்து என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியது. அதைப் பொய் சொல்லி மறைக்க எனக்கு விருப்பமில்லை.

தென்னைகளைச் செங்கல் சூளைக்காரன் லாரியில் ஏற்றிப் போனான். நிலத்தை விற்றுவிட்டு நீங்கள் எல்லோரும் மதுரை வில்லாபுரத்தில் உன் மகன் எடுத்த வாடகை வீட்டுக்குப் போனீர்கள். நீ மாடி அறையில் கட்டிலில் படுத்துக்கொண்டு, குழாய்த் தண்ணீர் வருகிற நேரத்தை மதினிக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருப்பாய் என்று யாரோ சொன்னார்கள். நீ செத்த செய்தி வந்த அன்று உன் மாப்பிள்ளை மட்டும் போனார். கொள்ளி வைக்கிற வரைக்கும் இருந்துவிட்டு வந்தார். நான் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய் நாலு வகுப்பு எடுத்தேன்.

பிறகு உன் மகன் சாம்பலோடு வந்தான். வைகையில் தண்ணீர் இல்லையா என்று கேட்டேன்.

“இருக்கு அத்தே. அப்பாதான் இந்தக் கால்வாயில கரைக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. அந்தத் தண்ணி ஒரு தடவையாச்சும் எம்மேல படட்டும்னு சொன்னாரு.”

கால்வாய் நிறையப் போய்க்கொண்டிருந்தது. உன் பழைய தோப்புப் பக்கத்தில் அவன் இறங்கி நின்றான். இடுப்பளவு தண்ணீர். பானையைக் கவிழ்ப்பதற்கு முன்னால் நான் என் வரப்புக்குப் போய் மடைப்பலகையை இறக்கினேன். பால் பிடிக்கிற பருவத்தில் நெல் நின்றது. தண்ணீர் கேட்கிற நேரம்தான். இருந்தாலும் இறக்கினேன். நீ என் வயலுக்குள் வரக்கூடாது. சாம்பல் தண்ணீரில் வெள்ளையாகப் படர்ந்து, ஒரு தாமரையிலை அளவுக்கு விரிந்து, என் மடையைத் தாண்டிப் போனது. அதற்குப் பிறகும் நெடுநேரம் நின்றேன். கடைசித் துகளும் அடுத்த ஊர் எல்லைக்குப் போயிருக்கும் என்று தெரிந்த பிறகுதான் பலகையைத் தூக்கினேன். உன் மாப்பிள்ளை கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தலைமுழுகப் போய்விட்டார்.

உன் மகன் ஈரவேட்டியோடு வீட்டுக்கு வந்தான். அவருடைய வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இலை போட்டேன். நம் நிலத்து அரிசி, கத்தரிக்காய் புளிக்குழம்பு, ரசம். பசியோடு சாப்பிட்டான். உன்னைப் போலவே சோற்றை நடுவில் குழித்துக் குழம்பு ஊற்றிக்கொள்கிறான். பாதியில் நிமிர்ந்து பார்த்தான்.

“அப்பா மேல இருந்த கோவம் போயிருச்சா அத்தே?”

“இல்லப்பா.”

அவன் கை இலையிலேயே நின்றது. எழுந்துவிடுவானோ என்று நினைத்தேன்.

“அது அப்பாவுக்கும் எனக்கும். ஒனக்கு இல்ல. ரசம் ஊத்திக்க.”

டம்ளரை நீட்டினான். ஊற்றினேன்.

கிளம்பும்போது பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தான். கண்ணாடி போட்டு, சந்தனப்பொட்டு வைத்த உன் படம். எனக்கென்று தனியாக ஒன்று சட்டம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறான். வாங்கிப் பார்த்தேன். இளவயதுப் படம், சைக்கிள் தள்ளிக்கொண்டு வந்த காலத்து முகம். முந்தானையால் கண்ணாடியை ஒருமுறை துடைத்தேன். அவன் பையிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

“பொங்கலுக்கு வா. மதினியையும் கூட்டிட்டு வா” என்றேன். “படம் வேணாம்.”

“சரித்தே. வாரேன்” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தான். நல்ல பிள்ளை அண்ணே. உன்னைப் போல இல்லை.